டாஷ்போர்டின் கீழ் ஓரம்

ரோவெனா தோட்டத்துப் பக்கக் கதவைத் திறந்துகொண்டு சூப் பிளாஸ்க்கோடு வந்தபோது, நானும் மால்கமும் என் காரின் ஸ்கட்டில் தகட்டை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்தபடி, மேலே தூக்கவும் முடியாமல் கீழே இறக்கவும் முடியாமல் கராஜின் நடுவில் நின்றுகொண்டிருந்தோம். தூரத்திலிருந்து பார்த்தால், பல்லக்குத் தூக்க வந்து, உள்ளே உட்கார வேண்டியவர் வராததால் குழம்பிப்போன இரண்டு கிழவர்கள் மாதிரி இருந்திருப்போம். அன்று காலையில்தான் எனக்குக் கடுமையான சளி, தலையைத் தூக்க முடியவில்லை, இந்தச் சனிக்கிழமை வர வேண்டாம் என்று அவளுக்குப் போன் செய்திருந்தேன். நம்பவேண்டுமே என்று இரண்டு முறை இருமியும் காட்டினேன். எனக்கே என்மேல் இரக்கம் வருகிற மாதிரி வந்தது இருமல். அதை நம்பித்தான் அவள் சூப் வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

இந்தக் கார் கடையில் வாங்கியதில்லை. பாகங்கள் பெட்டி பெட்டியாக வரும். அவற்றை வாங்கி, வீட்டு கராஜில் வைத்து, கைகளைக் கிழித்துக்கொண்டு நாமே பூட்டி எடுக்க வேண்டிய கார். எங்கள் பெல்பர் ஊரில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆண்கள் ரோஜா வளர்ப்பார்கள், அல்லது நாயைக் கூட்டிக்கொண்டு குன்றேறுவார்கள். ரோஜாக்கள் என்னைப் பார்த்தாலே வாடின. நாய்களுக்கு என்னிடம் இன்னும் பல் டாக்டர் வாசனை வருகிறதோ என்னவோ, நான் கிட்டப்போனால் வாயை இறுக்க மூடிக்கொண்டன. எனவே கார். அடுத்த வீட்டு மால்கம் ஏற்கெனவே இப்படி மூன்று கார்களைக் கட்டி ரோட்டில் விட்டவன் என்பதால், ஆபத்து ஒன்றும் இல்லை என்று நினைத்துவிட்டேன். அவன் வாழ்நாளெல்லாம் ரயில் என்ஜின்களைப் பழுது பார்த்தவன் என்பதையும், நான் வாழ்நாளெல்லாம் கடைவாய்ப்பற்களைப் பழுது பார்த்தவன் என்பதையும் அப்போது யோசிக்கவில்லை.

ஸ்கட்டில் என்பது, என்ஜின் மூடிக்கும் ஓட்டுகிறவரின் மடிக்கும் நடுவே கவிழ்த்த தொட்டி மாதிரி உட்காரும் உடல் தகடு. முன்கண்ணாடி அதன் தலைமேல் நிற்கும். டாஷ்போர்டு அதன் வயிற்றுப் பக்கம் தொங்கும். டாஷ்போர்டின் பின்பக்கத்தில் எதைத் தொட வேண்டுமானாலும், கண்ணாடியையும் ஸ்டியரிங்கையும் கழற்றி, வயர் பிளக்குகளை எல்லாம் பிடுங்கி, ஸ்கட்டிலையே அப்படியே அலாக்காகத் தூக்கி வெளியே வைக்க வேண்டும். கனம் என்று சொல்ல முடியாது. ஆனால் அகலம். ஒருவர் தூக்கினால் வளைந்து பெயின்ட் வெடித்துவிடும். இரண்டு பேர் வேண்டும். இதுவரை எத்தனையோ தடவை நாங்கள் தூக்கியிருக்கிறோம். நாங்கள் என்றால் நானும் ரோவெனாவும். இந்தத் தடவைதான் மால்கம். இந்தத் தடவைதான் ஒரு பிளக்கைப் பிடுங்க மறந்துபோனது.

ரோவெனாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கார் பெட்டிகளை நான் வாங்கியது அவளிடமிருந்துதான். அவள் எங்கள் ஊர் கல்யாணப் பதிவாளர். சனிக்கிழமை காலைகளில் நீலக் கோட்டு போட்டு, மார்பில் ஒரு புரோச் குத்திக்கொண்டு, ஜோடி ஜோடியாக ஊராரைச் சேர்த்துவைப்பாள். அவளுடைய சொந்த ஜோடியின் பெயர் ராய்ஸ்டன். வருஷக்கணக்காக, சாப்பிட்டு முடித்த கையோடு, "கார் வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கராஜுக்குப் போய்விடுவானாம். ரேடியோ சத்தம் கேட்டுக்கொண்டே இருக்குமாம். ஒருநாள் வீட்டில் தண்ணீர்க் குழாய் ஒழுகியது. ஸ்பானர் எடுக்கலாம் என்று இவள் கராஜுக்குப் போனாள். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. ஆளைக் காணோம். பெட்டிகள் எல்லாம் தொழிற்சாலையில் ஒட்டிய டேப் கிழியாமல், வந்த மேனிக்கு அடுக்கி இருந்தன. டென்னிஸ் கிளப்பில் பழக்கமான ஒருத்தியோடு ராய்ஸ்டன் இப்போது போர்ச்சுகல் கடற்கரையில் இருக்கிறான். "ஒரு நட்டுகூட முடுக்காம இத்தனை வருஷமா ஒருத்தர் கார் கட்டினார்னா அது என் வீட்டுக்காரர்தான்" என்று, பெட்டிகளை மால்கமின் டிரெய்லரில் ஏற்றும்போது என்னிடம் சொன்னாள். நான் சிரித்துவிட்டேன். பிறகு சிரித்திருக்கக் கூடாதோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவளும் சிரித்தாள்.

அடுத்த சனிக்கிழமை, மாடிப்படிக்கு அடியில் கிடந்தது என்று ஒரு பை நிறைய போல்ட்டு கொண்டுவந்தாள். பெட்டிகளுக்குள் அப்படி என்னதான் இருந்தது என்று பார்க்க ஆசையாக இருக்கிறது, திறக்கும்போது நானும் இருக்கலாமா என்று கேட்டாள். அன்றைக்கே ஒரு நிபந்தனையும் போட்டாள். கராஜில் என்ன நடக்கிறதோ அதை நடந்தபடி சொல்ல வேண்டும். உடைந்தால் உடைந்தது, கெட்டால் கெட்டது. கராஜுக்குள்ளிருந்து பொய் சொல்லும் ஆண் ஒருவனை அவள் பார்த்தாகிவிட்டது; இன்னொருவன் வேண்டாம். கையிலிருந்த ஸ்பானரைத் துடைத்தபடியே சரி என்றேன். அதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும், கடைசிக் கல்யாணத்தை முடித்துவிட்டு, தலைமுடியில் யாரோ தூவிய காகிதப் பூக்களோடு வந்து நிற்பாள். நான் வெள்ளிக்கிழமையே கராஜைப் பெருக்குவேன். கராஜைப் பெருக்கினவன் இங்கிலாந்திலேயே நீ ஒருத்தன்தான் என்று மால்கம் வேலிக்கு மேலாகக் கேலி செய்வான். செய்யட்டும்.

போன குளிர்காலம் முழுக்க, டாஷ்போர்டுக்குத் தோல் போர்த்துகிற வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். சிவந்த பழுப்பு நிறத் தோல். தையல் பள்ளிக்குப் போனதில்லை, எங்கேயும் படித்ததில்லை. தன் சமையலறை மேஜையில் வைத்து, இரண்டு ஊசியால் இரண்டு பக்கமும் குத்திக் குத்தித் தைத்தாள். முதல் கோடு குடிகாரன் நடந்த பாதை மாதிரி போனது. பிரித்தாள். மறுபடி தைத்தாள். ஜனவரியில் ஒரு நாள் அதைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் கராஜ் மேஜையில் வைத்துப் பிரித்துக் காட்டினாள். மூன்று வட்டத் துளைகளைச் சுற்றித் தையல் மணி கோத்த மாதிரி இருந்தது. நான் பேச்சற்றுப் போனேன். பிறகு பேச ஆரம்பித்து நிறுத்தவே இல்லை. அற்புதம், அபாரம், மகாராணி காரில்கூட இப்படி இருக்காது என்று என்னென்னவோ சொன்னேன். கீழ் ஓரத்தைத் தடவியபடி அவள் ஏதோ கேட்க வாயெடுத்தாள். நான் மறுபடி அற்புதம் என்றேன். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

வசந்தம் வந்ததும் காரை அரசாங்கப் பரிசோதனைக்குக் கொண்டுபோனோம். வீட்டில் கட்டிய கார் ரோட்டுக்கு வர வேண்டுமென்றால் அங்கே இருக்கிற பரிசோதகர் ஓ.கே. சொல்ல வேண்டும். அதற்குமேல்தான் நம்பர் பிளேட். ரோவெனாவுக்கு அன்று டவுன் ஹாலில் மூன்று கல்யாணம், வர முடியவில்லை. பரிசோதகர் நிதானமான, நல்ல மனுஷர். விளக்கு, பிரேக், பெல்ட், என் வயரிங் எல்லாம் பார்த்தார். என் வயரிங் பாஸானது. இதை நான் இன்னொரு தடவை எழுத ஆசைப்படுகிறேன்: என் வயரிங் பாஸானது. மால்கம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். பிறகு அவர் கையில் ஒரு சின்ன உருண்டையை எடுத்து, டாஷ்போர்டின் கீழ் ஓரத்தில் உருட்டிக்கொண்டே போனார். சாக்பீஸால் இரண்டு கோடு போட்டார். ஓரம் மெல்லிசாக இருக்கிறதாம். வண்டி எதிலாவது மோதினால் உட்கார்ந்திருப்பவரின் முட்டிக்கால் போய் அதில் இடிக்கும்; இடித்தால் கத்தி மாதிரி இறங்கும். இது தடிமனாக, உருட்டாக இருக்க வேண்டும். மற்றதெல்லாம் பிரமாதம், இதைச் சரி செய்துகொண்டு வாருங்கள் என்றார். அடுத்த புதன்கிழமைக்கே நேரம் கொடுத்தார். "தையல் ரொம்ப அழகு" என்றும் சேர்த்துக்கொண்டார். அதுதான் எனக்கு இன்னும் அதிகமாக வலித்தது.

திரும்பி வரும் வழியிலேயே ரோவெனா கூப்பிட்டாள். கல்யாணக் கூட்டத்தின் சிரிப்புச் சத்தம் பின்னால் கேட்டது. என்ன ஆச்சு, பாஸா என்று கேட்டாள். நான் காரணத்தை நினைத்துப் பார்க்கக்கூட இல்லை. வாய் தானாகத் திறந்து, ஸ்பீடோமீட்டர் வயரிங்கில் கோளாறாம், என் தப்புதான் என்று சொல்லிவிட்டது. இதில் நான் தேர்ந்தவன். முப்பது வருஷம், ஊசியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, வலிக்கவே வலிக்காது என்று எத்தனையோ பேரைப் பார்த்துச் சொன்னவன். அவளுக்கு வலிக்கக் கூடாது, அவ்வளவுதான். டிரெய்லர் மாட்டிய வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த மால்கம் என்னை ஓரக்கண்ணால் பார்த்தான்.

"ஏண்டா, அவ ஒரே ஒரு விஷயந்தானே உங்கிட்ட கேட்டா," என்றான்.

"தெரியும்."

"அதையும் காப்பாத்த முடியலியா உனக்கு?"

தெரிந்தால் என்ன செய்வாள் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. கத்த மாட்டாள். பையை எடுத்துக்கொண்டு, சூப் பிளாஸ்க்கைக் கழுவி மூடி, போய் வருகிறேன் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போவாள். சனிக்கிழமைகள் அதோடு முடியும். ராய்ஸ்டனையும் அவள் அப்படித்தான், ஒரு சத்தமும் போடாமல், அனுப்பிவைத்தாளாம்.

மால்கமிடம் இதற்குத் தீர்வு இருந்தது. கார் கட்டுகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த வழி அது. குளிர்காலத்தில் தண்ணீர்க் குழாய் உறையாமல் இருக்கச் சுற்றுவார்களே, அந்தப் பஞ்சுக் குழாய். அதை நீளவாக்கில் கீறி, ஓரத்தின்மேல் மாட்டி, பின்னாலிருந்து இறுக்கிவிட வேண்டும். உருட்டாகிவிடும். பரிசோதகர் உருண்டையை உருட்டுவார், பாஸ் என்பார். வீட்டுக்கு வந்ததும் பிடுங்கி எறிந்துவிட வேண்டும். எங்கள் கார் கிளப்பில் பாதிக் கார்கள் இப்படித்தான். பரிசோதனைக்குக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி ரப்பரும் பஞ்சும் பூட்டிக்கொண்டு போகும், மறுநாள் அத்தனையும் குப்பைத் தொட்டியில் கிடக்கும். மால்கம் ஒரே பஞ்சுக் குழாயை மூன்று கார்களுக்கும் மாற்றி மாற்றி மாட்டி பாஸ் பண்ணியவன். அதை எனக்குத் தருவதாகச் சொன்னபோது குடும்ப நகையைக் கொடுக்கிற முகம் அவனுக்கு. ஒரே சிக்கல், பின்னாலிருந்து இறுக்க ஸ்கட்டிலைத் தூக்க வேண்டும். சனிக்கிழமை காலை அவள் கல்யாண வேலையில் இருக்கும்போது இரண்டு பேருமாக முடித்துவிடலாம் என்று தீர்மானித்தோம். இருமலும் அதனால்தான்.

ஸ்கட்டிலை ஒரு முழம் தூக்கியதும் இழுத்துப் பிடித்தது. குனிந்து பார்த்தால், உள்ளே ஒரு பிளக் இன்னும் மாட்டியே இருக்கிறது. கடைசி நிமிஷத்தில் நானாகச் சேர்த்த பிளக் அது. பல்லுக்குக் கம்பி கட்டுகிற பழக்கத்தில் அதை வேறு பிளாஸ்டிக் பட்டை போட்டு இறுக்கி வைத்திருக்கிறேன். இன்னும் தூக்கினால் வயரெல்லாம் வேரோடு வந்துவிடும். இறக்கலாம் என்றால், தகடு ஒரு பக்கமாக நகர்ந்துபோய், ஸ்டியரிங் கழற்றிய கம்பியின் முனை நேராக ரோவெனா தைத்த தோலுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு அங்குலம் இறக்கினால் போதும், குத்திக் கிழித்துவிடும். ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையை உள்ளே விடலாம் என்று பார்த்தேன். தகடு முனகியது. விட்டுவிட்டேன். அப்படியே நின்றோம். யாரையாவது கூப்பிடு என்றான் மால்கம். போன் என் பின்பாக்கெட்டில் இருந்தது. அது அங்கேயே இருந்தது. மால்கம் என் மூதாதையரைப் பற்றி நிதானமாகப் பேச ஆரம்பித்தான்.

அப்போதுதான் கதவு திறந்தது.

ரோவெனா நீலக் கோட்டில் இருந்தாள். அன்றைக்கு ஒரு கல்யாணம் நின்றுபோயிருக்கிறது. மாப்பிள்ளைக்கு நிஜமாகவே காய்ச்சலாம். அதனால் சீக்கிரம் வந்துவிட்டாள். பிளாஸ்க்கை மேஜைமேல் வைத்தாள். என்னைப் பார்த்தாள். மால்கமைப் பார்த்தாள். நடுவில் தொங்குகிற ஸ்கட்டிலைப் பார்த்தாள்.

"சளி எப்படி இருக்கு டாக்டரே?"

"கொஞ்சம் தேவலை."

"கண்ணு, குசலம் எல்லாம் அப்புறம் விசாரிச்சுக்கலாம்," என்றான் மால்கம். எங்கள் ஊரில் பால்காரர் முதல் பாதிரியார் வரை எல்லாரும் எல்லாருக்கும் கண்ணுதான். "உள்ள ஒரு பிளக் மாட்டிட்டிருக்கு. அதைக் கொஞ்சம் கழட்டி விடு. என் தோள்பட்டை கையோட வந்துரும் போலிருக்கு."

அவள் புரோச்சைக் கழற்றிப் பையில் போட்டாள், டார்ச்சை எடுத்தாள், கோட்டோடு அப்படியே காருக்குள் இறங்கி, மல்லாக்கப் படுத்து, தலையைப் பெடல்கள் பக்கம் விட்டாள். எங்களுக்கு அவள் முட்டிக்குக் கீழே மட்டும் தெரிந்தது; கல்யாணத்துக்குப் போடுகிற ஷூ. பஞ்சுக் குழாயை எங்கே வைத்தேன் என்று எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும் என்று, காரின் தரையில், சரியாக அவள் தலை போய்ப் படுத்த இடத்தில் வைத்திருந்தேன்.

டார்ச் வெளிச்சம் உள்ளே அங்குமிங்கும் நகர்ந்தது. ஓர் இடத்தில் நின்றது.

"இங்க ஏதோ குழாய்க்குச் சுத்துற பஞ்சு கிடக்கு," என்றது குரல். "நீளமா கீறி வெச்சிருக்கு."

டார்ச் வெளிச்சம் மேலே ஏறியது.

"என் தையல்மேல சாக்பீஸ் கோடு இருக்கு."

மால்கம் கூரையைப் பார்த்தான். கூரையில் பார்க்க ஒன்றும் இல்லை, ஒரு பழைய சைக்கிள் தொங்கியது. நான் ஸ்பீடோமீட்டர் என்று ஏதோ ஆரம்பித்தேன். சொல்லி முடிப்பதற்குள் என் காதுக்கே அது அசிங்கமாக இருந்தது, நிறுத்திவிட்டேன். ஷூக்கள் இரண்டும் அசையாமல் இருந்தன. பிறகு உள்ளேயிருந்து, டவுன் ஹாலில் கல்யாண நாற்காலிகளுக்கு முன்னால் நின்று, ஆட்சேபம் உண்டா என்று கேட்கிற அதே குரலில், ஒவ்வொரு வார்த்தையாக வந்தது.

"இங்கே கூடியிருப்பவர்களில் யாருக்கேனும் தெரிவிக்க வேண்டிய விஷயம் ஏதாவது இருக்குமானால், அதை இப்போதே தெரிவித்துவிட வேண்டும்." பிறகு சாதாரணக் குரலில்: "பிளக் என் கையில இருக்கு நார்மன். அவசரம் ஒண்ணுமில்ல. நீங்க சொல்லி முடிச்சதும் கழட்டுறேன்."

"டேய், சொல்லித் தொலைடா," என்றான் மால்கம். அவன் முகம் வெந்த பீட்ரூட் நிறத்துக்கு வந்திருந்தது.

சொன்னேன். நெற்றி வியர்வை மூக்கு நுனியில் சேர்ந்து சொட்ட, காருக்குள்ளே கிடக்கிற ஒரு ஜோடி ஷூவைப் பார்த்துச் சொன்னேன். வயரிங் பாஸானது. ஓரம்தான் பாஸாகவில்லை. போனில் சொன்னது பொய். சளியும் பொய். உங்கள் வேலையில் குறை என்று என் வாயால் சொல்ல வரவில்லை, அதனால் திருட்டுத்தனமாகச் சரி செய்து, புதன்கிழமை பாஸாகி, உங்களுக்குத் தெரியாமலே முடித்துவிடலாம் என்று பார்த்தேன் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். தோள் வலி அதிகமானால் மனிதன் உண்மைக்கு மேலேயும் பேசுவான் போல. "சொன்னா நீங்க வர்றதை நிறுத்திடுவீங்களோன்னு பயம். சொல்லாட்டியும் நிறுத்திடுவீங்கன்னு தெரியும். கார் முடிஞ்சாலும் நிறுத்திடுவீங்க. எந்தப் பக்கம் போறதுன்னு எனக்குத் தெரியல."

உள்ளேயிருந்து பிளாஸ்டிக் பட்டையை அறுக்கிற சத்தம் வந்தது. பிறகு 'டக்' என்று பிளக் விடுபட்டது.

நானும் மால்கமும் ஸ்கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய், தரையில் விரித்திருந்த பழைய மெத்தைமேல் மெதுவாகப் படுக்கவைத்தோம். மால்கம் அதன் பக்கத்திலேயே தானும் படுத்துக்கொண்டான். ரோவெனா காருக்குள்ளிருந்து எழுந்து உட்கார்ந்தாள். கோட்டின் முதுகெல்லாம் தூசி. ஸ்கட்டில் இல்லாத கார் பல்செட்டைக் கழற்றிய வாய் மாதிரி திறந்துகிடக்க, நடுவில் அவள் உட்கார்ந்திருந்தாள். எழுந்து பையை எடுக்கப் போகிறாள் என்று நான் காத்திருந்தேன். பை மேஜைமேல் பிளாஸ்க் பக்கத்தில் இருந்தது. அதை நான் பார்க்காமலிருக்கப் பார்த்தேன்.

"ஓரம் மெல்லிசா இருக்குன்னு எனக்கு ஜனவரியிலயே தெரியும்," என்றாள்.

அவள் விஷயம் தெரிந்தவர்களிடம் விசாரித்திருக்கிறாள். மால்கமிடமே கேட்டிருக்கிறாள். நார்மனிடம் கேளு என்று அவன் கைகழுவிவிட்டான். என்னிடம் கேட்கத்தான் அன்றைக்குத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாளாம். நான்தான் அற்புதம் அற்புதம் என்று ஆரம்பித்துவிட்டேனே. அந்த முகத்தைப் பார்த்த பிறகு, இது தேறாது, மறுபடி தைக்க வேண்டும் என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. யாராவது கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். மெத்தையில் கிடந்த மால்கம் கண்ணைத் திறக்காமலே, ஆக மூணு பேருக்கும் தெரியும், மூணு பேரும் நல்லவங்க, அதான் இந்தக் கார் ரோட்டுக்கு வரல என்றான்.

"அப்படின்னா நீங்களும்..." என்று நான் ஆரம்பித்தேன்.

"ஆமா, நானும் மறைச்சேன். அதனாலதான் முழுசாக் கோபப்பட முடியல, அதுவே எரிச்சலா இருக்கு." தலைமுடியிலிருந்து ஒரு சிலந்தி வலையை எடுத்துப் போட்டாள். "ராய்ஸ்டன் பொய் சொன்னா கடைசி வரைக்கும் தெரியாது. அவ்வளவு சுத்தமா சொல்வார். நீங்க காலையில போன்ல இருமினீங்களே, நான் கிச்சன்ல நின்னு வாய்விட்டுச் சிரிச்சேன். ஆனா சிரிச்சதால விட்டுட்டேன்னு நினைக்காதீங்க. இன்னொரு தடவை நடந்துச்சுன்னா, இந்தக் கதவு வழியா வர மாட்டேன்."

சரி என்றேன். இந்தத் தடவை கையில் ஸ்பானர் எதுவும் இல்லை. கைகளே இருக்கிற மாதிரி உணர்ச்சி இல்லை.

சூப் குடித்தோம். லீக் வெங்காயமும் உருளைக்கிழங்கும் போட்டது. மிளகைக் கொஞ்சம் தாராளமாக இட்டிருந்தாள், சளிக்காரனுக்கு ஆயிற்றே. மால்கம் தெம்பு வந்து எழுந்து உட்கார்ந்து, பழைய திட்டத்தை மறுபடி எடுத்து வைத்தான். ஸ்கட்டில்தான் வெளியே வந்துவிட்டதே, அரை மணி நேர வேலை, பஞ்சை மாட்டுவோம், புதன்கிழமை பாஸ், வியாழக்கிழமை பஞ்சைப் பிடுங்கிவிட்டால் ரோவெனாவின் தையல் ஒரு இழைகூடக் கெடாமல் அப்படியே இருக்கும். நியாயமான பேச்சு. நான்கூடத் தலையாட்டத் தொடங்கியிருந்தேன். ரோவெனா கீழ் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"அதிகாரி பாக்கிற ஒரு நாளைக்கு மட்டும் ஒழுங்கா வேஷம் போட்டுக்கிட்டு, மறுநாள் பிடுங்கி எறியறது," என்றாள். "எனக்குக் கல்யாணமே அப்படி ஒண்ணு நடந்துருக்கு மால்கம். பதிவு பண்றதோட முடிஞ்சுபோச்சு."

மால்கம் பஞ்சுக் குழாயை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். குழந்தையைப் பிறர் குறை சொன்ன மாதிரி.

அவள் சொன்ன வழி வேறு. உள்ளே நிரந்தரமாகத் தடித்த உருட்டு வைத்து, அதன்மேல் தோல் போர்த்த வேண்டும். ஆனால் இருக்கிற தோல் அதைச் சுற்றி வர எட்டாது. புதுத் தோல் வாங்க வேண்டும், புதிதாக வெட்ட வேண்டும், முதல் குத்திலிருந்து தைக்க வேண்டும். புதன்கிழமை நேரம் வேண்டாம் என்று பரிசோதகருக்குச் சொல்லிவிட வேண்டும். அப்படியானால் எப்போது முடியும் என்று மால்கம் கேட்டான். கோடை முழுக்கப் போகும், இலையுதிர்காலம்கூட ஆகலாம், அதுவும் இந்த டாக்டர் ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டால் என்றாள். பாதித் தையல் நான் தைக்க வேண்டுமாம். எத்தனை சனிக்கிழமைகள் என்று என் மனசு அதுபாட்டுக்குக் கணக்குப் போட ஆரம்பித்தது. முகத்தில் அது தெரிந்துவிடக் கூடாதே என்று கிண்ணத்தைத் தூக்கி, காலியான சூப்பை இன்னொரு தடவை குடித்தேன். பிறகு, மறைப்பதில்லை என்று இப்போதுதானே ஒப்புக்கொண்டோம் என்று தோன்றியது. கிண்ணத்தை இறக்கினேன்.

"எனக்கு இதுல ரொம்ப சந்தோஷம்," என்றேன்.

"தெரியுது," என்றாள்.

தையலைப் பிரிக்கிற கத்தியை அவள்தான் எடுத்தாள். முதல் இழையை வெட்டும்போது அவள் உதட்டைக் கடித்ததை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருக்கவில்லை. அதற்குப் பிறகு வேகமாகப் போனது. அவள் வெட்ட வெட்ட, நான் இடுக்கியால் நூலைப் பிடித்து இழுத்தேன். அந்த வேலை எனக்கு வரும். குளிர்காலம் முழுக்க அவள் ஒவ்வொன்றாகக் குத்திய நூல், சின்னச் சின்ன வளையங்களாக மெத்தைமேல் விழுந்தது. ஒட்டியிருந்த இடங்களில் ஹேர் டிரையரால் சூடு காட்டினோம். கடைசியில் தோல் மொத்தமாக, கிழியாமல், ஒரு பெரிய சிவந்த இலை மாதிரி உரிந்து வந்தது. அடியில் வெறும் அலுமினியம் பளபளத்தது. புதுத் தோலை வெட்டுவதற்கு இந்தப் பழசுதான் அளவு. அதனால் சுருக்கம் எடுக்க வேண்டும் என்று, ஈரத்துணியால் பின்பக்கத்தை ஒற்றி, அவள் அதைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனாள். அங்கே என் துணிக்கொடியில் என் இரண்டு பனியன்கள் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றைத் தள்ளிவிட்டு அதைத் தொங்கவிட்டாள். மால்கம் பஞ்சுக் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு வேலி வழியாகத் தன் வீட்டுக்குப் போனான். போகும்போது யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அவன் அப்படிப் போவது அபூர்வம்.

காற்று நன்றாக இருந்தது. குன்றின் பக்கமிருந்து ஆடுகள் கத்துவது கேட்டது. தோல் கொடியில் உப்புவதும் ஒட்டுவதுமாக ஆடியது. மீட்டர்கள் இருந்த வட்டத் துளைகள் மூன்று. ஒன்றில் வேலி தெரிந்தது, ஒன்றில் மேகம் ஓடியது. நடுவில் இருந்த பெரிய துளையில், ஸ்பீடோமீட்டருக்கானதில், கொடிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த ரோவெனாவின் நீலக் கோட்டும், தோளில் ஒட்டியிருந்த காகிதப் பூ ஒன்றும் தெரிந்தன. தோலின் ஒரு முனை காற்றில் நழுவப் பார்த்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை அந்தத் துளை வழியாக என் பக்கம் நீட்டினாள்.

"இன்னொரு கிளிப்பு குடுங்க."

நான் சட்டைப்பையைத் தடவினேன். காற்சட்டைப் பைகளைத் தடவினேன். கிளிப் எதுவும் இல்லை. தோல் மெல்ல உப்பி எழுந்தது. நடுவில் அந்தக் கை, உள்ளங்கை மேலே பார்க்க, விரிந்தபடி காத்திருந்தது.